ஏழாம் பக்கம்

கூடாரம் பெட்டியில் வந்தபோது
கையேடு ஒன்றும் கூடவே வந்தது.
நோர்வேயின் வடக்குத் தொங்கலில் இருந்து
கொழுந்தன் சற்குணம் கப்பலில் போட்டது.
அங்கே மே பிறந்தாலும் மண் கல்லாம்.
இங்கே புன்னாலைக்கட்டுவனில்
பங்குனி பதினெட்டு.
செம்பாட்டில் வைத்த உள்ளங்கை
தாச்சியில் பட்டது போல் திரும்பி வருது.

யதுஷா போனைக் கையேட்டின் மேல் பிடிக்கிறாள்.
எழுத்துகள் நெளிந்து நெளிந்து தமிழாகின்றன:
"கோடைக்கு ஆயத்தம். வெப்பத்தை உள்ளே பூட்டி வையுங்கள்."
வாசித்துப்போட்டு என்னை அண்ணாந்து பார்க்கிறாள்.
நான் ஏணியில்.
வாயில் மூன்று துண்டு கட்டுக்கம்பி.
சிரிக்க ஏலாது.

போன வருசம் நான் அதை அப்படியே நம்பினேன்.
அறுபது தக்காளிக் கன்று
நின்ற நிலையில் அவிந்தது.
பூத்தது, நல்லாய்த்தான் பூத்தது,
விடிய விடியப் பூவெல்லாம் காம்போடு கழன்று
சொட்டுக்குழாய் வழியே மஞ்சள் கோடு.
"குளிருக்குத் தைச்ச சட்டையை
வெயிலுக்குப் போட்டா ஆற்ற பிழை?"
வேலிக்கு அப்பால் ஞானசோதி.
பிழையாய்ச் சொல்லியிருந்தால்
அவ்வளவு கோபம் வந்திராது.

ஆகவே இந்த முறை கத்தி.
இரண்டு பக்கமும் பொலித்தீனை
இடுப்பு உயரத்தில் இருந்து கிழித்து இறக்கினேன்.
புது வேட்டி கிழிகிற சத்தம்.
உள்ளே அடைபட்டிருந்த சூடு
என் முகத்தில் மோதிக்கொண்டு வெளியே போனது.
திறந்த இடத்துக்கு, மயிலிட்டியில்
கிலோக் கணக்கில் வாங்கிய பழைய வலை:
ஆடும் அணிலும் நுழையாது,
காற்று நுழையும்,
நாலு நாளைக்கு மீன் மணக்கும்.

கூரைக்குச் சுண்ணாம்பு.
ஒட்டிப் பிடிக்கட்டும் என்று ஒரு சுண்டு கஞ்சி கலந்தேன்.
பூசப் பூச முழங்கையால் வழிகிறது.
சொட்டுக்குழாயின் கண்களுக்குள்ளும் அதுதான்,
யாரும் பூசாமலே;
எங்கள் கிணற்றுத் தண்ணீர் பாதி கல்.
யதுஷா ஒவ்வொரு கண்ணாய் வினாகிரியில் ஊறவிட்டு
ஊசியால் குத்தி, வாயால் ஊதுகிறாள்.
இருநூற்றுப் பதினாறு கண்.
நூறு தாண்டினதும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

பின்னேரம் சற்குணம் காணொளியில்.
தொப்பி, கையுறை, மூக்கு நுனி சிவப்பு.
மின்விளக்கின் கீழே விரல்நீளக் கன்றுகளைக் காட்டுகிறான்,
கைக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி.
"அண்ணி, கூடாரம் எப்பிடி நிக்குது?"
கிழிக்காத முன்பக்கத்துக்கு மட்டும் போனைத் திருப்பினேன்.
அவன் கண்ணைச் சுருக்கினான்.
"மேல என்ன வெள்ளையாக் கிடக்கு?
அங்கயும் பனியே?"

வேப்பம்பூ.
கிணற்றடி வேம்பு மூன்று நாளாய்க் கொட்டுகிறது.
ஈரச் சுண்ணாம்பில் ஒட்டினது ஒட்டினபடி,
மற்றது காற்றுக்கு உருண்டு வளைவில் சேருது.
அவன் சிரித்தான், பிறகு சிரிக்காமல்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் கிழித்த பக்கத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் எடுக்க
கோடு அறுந்துபோனது.

ஏழாம் பக்கம் சொல்கிறது:
"கூரையில் சேரும் பனியை
மெல்லிய விளக்குமாற்றால் கீழே தட்டவும்.
பாரம் ஏற விடவேண்டாம்."
கையேட்டில் நான் சொன்னபடி கேட்ட
ஒரே பக்கம் அது.
தட்டினேன். கீழே யதுஷா சுளகோடு.
கொட்டினதில் முக்கால்வாசி வடகத்துக்கு,
கால்வாசி அவள் தலைமயிரில்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி.
உள்ளே தொங்கும் வெப்பமானி முப்பத்தாறு.
போன வருசம் நாற்பத்து நாலு.
இன்னும் மூன்று பாகை இறங்கினால்
பூ நிற்கும் என்கிறாள் இவள், எங்கேயோ வாசித்து.
அதற்குச் சோழகம் வரவேண்டும்.
வந்தால் பூ நிற்கும்,
கூரை நிற்குமோ தெரியாது.
கட்டுக்கம்பி இன்னும் ஒரு சுருள் கிடக்கு.