பங்கு

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்து.
கீழே உரக்கடை, மேலே நான்.
மூட்டுவலிக்காரர்கள் பன்னிரண்டாவது படியில் நின்று
வாடகை குறைந்த காரணத்தைக்
கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கன்சல்டிங் நூற்றைம்பது.
ஏழு நாளுக்குள் மறுபடி வந்தால் காசில்லை.
எட்டாம் நாள் வருகிறவர்களுக்கு
நேற்று பஸ் வந்திருக்காது.
ஆவுடைச்செல்வி நோட்டில் ஏழு என்றே எழுதுகிறாள்.
கேட்டால்,
"நீங்க நோயப் பாருங்க மேடம்,
நாள நான் பாத்துக்கிடுதேன்."
அவள் சம்பளம் ஐந்தாம் தேதி.
என் சம்பளத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

ஈசிஜி மெஷினுக்கு இருபத்தேழு தவணை பாக்கி.
கழிவு வண்டி செவ்வாயும் வெள்ளியும்;
மஞ்சள் பை, சிவப்புப் பை,
ஊசிமுனைக்கு வெள்ளை டப்பா.
காலேஜில் இதயத்தின் நான்கு அறைகளையும்
திறந்து காட்டினார்கள்.
கல்லாப்பெட்டியை ஒருவரும் காட்டவில்லை.

முதலில் கதவு இல்லை, திரைதான்.
பீடி சுற்றும் ஒருத்தி
நாள் தள்ளிப்போனதைச் சொல்ல வாயெடுத்தவள்
திரைக்கு அடியில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தாள்.
பீடிக்கடைக்காரருடையது.
தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டாள்.
அந்த வாரமே பிளைவுட் கதவு, நாலாயிரத்து ஐந்நூறு.
எந்தத் தலைப்பில் எழுத என்று ஆடிட்டர் கேட்டார்.
மருந்து என்றேன். அவர் மராமத்து என்று எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசியில்
திருநெல்வேலி ஸ்கேன் சென்டர் பையன் பைக்கில் வருவான்.
நீளக் கவர், என் இனிஷியல் தப்பாக.
"மேடம், உங்க பங்கு."
மூன்று மாதம் பிரிக்காமல் மேஜைக்குள் கிடந்தன.
தவணை தப்பிய ஒரு ராத்திரி
பிரித்து எண்ணினேன். சொல்லத்தான் வேண்டும்.
சரியாக இருந்தது.

நான்காவது கவரோடு
நான்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு
சீட்டில் எழுத ஆரம்பித்தேன்:
பங்கு வேண்டாம், பில்லில் கழிக்கவும்.

நேற்று பேச்சித்தங்கம் வந்தாள்.
விரலிடுக்கில் புகையிலைத் தூள், மடியில் ஸ்கேன் படம்.
கதவைச் சாத்தச் சொன்னாள்.
"எதுத்த வீட்டுக்காரிட்ட ஆயிரத்தி எரநூறு வாங்கிருக்கான்.
எனக்கு எண்ணூத்தம்பதுதான்.
நம்ம வவுத்த பழய மிசின்ல வச்சுப் பாத்துட்டானோ?
ஒசந்ததுக்கே எழுதிக் குடுங்க டாக்டரம்மா,
மவன் துட்டு அனுப்பிருக்கான்."

ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து
பித்தப்பைக் கல்லைக் காட்டினேன்.
எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றேன்.
கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"கல்லு சரி. துட்டுதான் இடிக்கி."

வெளியே ஆவுடைச்செல்வி
பதினெட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.