முப்பத்தேழாம் எண்

சாரெமா தீவின் தேனீ வளர்ப்பாளர்கள் அறுபத்தொரு பேர்,
ஒன்பது கோடைகள்.
ஐந்நூற்று நாற்பத்தொன்பது வரிகள்,
அவற்றில் நான்கு வெற்று.
என் திரையில் தேன் வாசனை கிடையாது.

அமைச்சகம் கேட்டது ஒரே கேள்வி:
குளிர்காலப் பயிற்சிக்குப் போனவர்களுக்குத்
தேன் கூடியதா?
வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

தார்த்துவில் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது.
எதிர்மேசை ரைவோ கறுப்பு ரொட்டியைப் பிய்த்தபடி
"சமவாய்ப்பு விளைவைப் போடு" என்கிறான்.
"ஒவ்வொருவரும் ஒரே குடத்திலிருந்து
கண்மூடி எடுத்த கோலி என்று வை.
கடற்கரைத் தூரத்துக்கும் ஒரு கெழு கிடைக்கும்,
பிழையெல்லை ஒடுங்கும்,
வீட்டுக்குப் போகலாம்."

கோலி.
நாற்பத்திரண்டாம் எண் மைமு
பயிற்சிக்கு முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தவர்.
அதற்கு முன்பே
பெட்டிக்குப் பெட்டி தேதி எழுதி
சட்டங்களை ஆவியில் கழுவுகிறவர்.
தேனைத் தந்தது பயிற்சியா,
அந்தக் கைகள் தந்ததற்குப்
பயிற்சி பெயரைத் தட்டிக்கொண்டு போனதா?
படிவத்தில் இல்லாத அந்தக் கவனம்
படிவத்தில் இருக்கும் நெடுவரிசையோடு
கைகோத்து நடந்தால்
குடமும் பொய், கோலியும் பொய்.

சரி, நிலை விளைவு.
ஒவ்வொருவரின் சராசரியையும்
அவரிடமிருந்தே கழி.
எவரையும் அவரோடு மட்டும் நிறுத்துப் பார்.
நேர்மையான தராசுதான், ஆனால் பெருந்தீனிக்காரத் தராசு.
மாறாத எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது:
மேற்குக் கரைக் காற்று, சுண்ணாம்புப் பாறை மண்,
யாரோ எப்போதோ நட்ட லிண்டன் வரிசை,
எல்லாம் பூஜ்யம்.
ஒன்பது ஆண்டும் போனவர்கள்,
ஒருமுறைகூடப் போகாதவர்கள்
என்று நாற்பத்தாறு பேர்
பயிற்சியைப் பற்றி வாய் திறப்பதேயில்லை.
மைமுவும் அந்த நாற்பத்தாறில்.
மிச்சம் பதினைந்து பேர்
தீவு முழுதுக்கும் சாட்சி சொல்கிறார்கள்.

ஹாஸ்மன் சோதனையை ஓட்டினேன்.
இரண்டு கெழுக்களுக்கும் இடையே இருக்கும் தூரத்தை அளந்து
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு என்றது.
நாலாயிருந்தால் சண்டை முடிந்திருக்கும்.
"பார்த்தாயா, நிராகரிக்க முடியவில்லை" என்றான் ரைவோ.
பூனை சத்தம் போடவில்லை என்பதால்
பால் பத்திரம் என்று யார் சொன்னது?

அந்தப் பதினைந்தில் ஒருவர் முப்பத்தேழாம் எண்.
ஆறாம் ஆண்டு முதல்முறை பயிற்சிக்குப் போனார்.
அந்தக் கோடையில் தேன் பாதியாய்ச் சரிந்தது.
தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று
தொலைபேசியில் கூப்பிட்டேன்.

எண்டெல் பேசினார். பின்னால் நாய் குரைத்தது.
"பிழையில்லை.
ஜனவரியில் வைக்கே போய்விட்டாள்.
வீட்டில் இருக்க முடியவில்லை.
பயிற்சிக்கூடத்தில் கணப்பு எரிந்தது, ஆட்கள் இருந்தார்கள்.
என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காதே.
பெட்டிகளை எப்போதும் அவள்தான் பார்ப்பாள்,
படிவத்தில் மட்டும் என் பெயர்."

மாறாத எண்டெல் என்று
இத்தனை நாள் நான் கழித்துக்கொண்டிருந்தது
வைக்கேயை.

எந்தச் சோதனைக்கும் இது தெரியாது.
ஆளுக்கு ஒரு நிலையான எண் கொடுத்தால்
ஆள் நிலையாக இருந்துவிடுவாரா?

வெள்ளி காலை
நிலை விளைவைத்தான் அனுப்பினேன்.
ஒவ்வொருவரின் சராசரியையும் ஒரு மாறியாகச் சேர்த்து
சமவாய்ப்பில் ஓட்டிய அட்டவணை ஒன்று பின்னிணைப்பில்,
கடற்கரைத் தூரம் கேட்பவர்களுக்காக,
ரைவோவுக்காகவும்.
பயிற்சியின் கெழு சிறியது,
பிழையெல்லை இருபுறமும் அகலம்.
அதை நான் மடித்துச் சுருக்கவில்லை.
முப்பத்தேழை நீக்கவும் இல்லை.

பெயர் நெடுவரிசையில் மட்டும்
எண்டெலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு
இன்னொரு பெயரை எழுதினேன்.
மென்பொருள் அந்த நெடுவரிசையைப் படிப்பதில்லை.