ஆயுள் முழுவதும்

பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சிட்டிருந்தது.
ஆயுள் முழுவதும் இது ஒன்றே போதும்.
எஃகு வலை. கழுவக் கழுவப் புதிது.
யாருடைய ஆயுள் என்று
லூபோமிர் கேட்கவில்லை.
விற்ற நானும் சொல்லவில்லை.

ஹை லெவலில் அன்று மைனஸ் முப்பத்தெட்டு.
பட்டறைக் கதவைத் திறந்தால்
மூக்குமயிர் முறியும்.
ஆயில் தேனாகி, தேன் தாராகி
எஞ்சினுக்குள் எழ மறுக்கும் மாதம்.

"இந்தக் குளிருக்குக் காகிதம் தாங்காது" என்பான் லூபோமிர்.
"கெட்டி ஆயில் மடிப்புக்குள் நுழையாது,
பக்கத்து வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு
அழுக்கோடு அழுக்காய் ஓடிவிடும்.
எஃகு வழிவிடும்."
"விடும், விடும். கரிக்கும் சேர்த்து வழிவிடும்" என்பார் வீப்,
தோளில் அட்டைப்பெட்டி, உள்ளே பன்னிரண்டு ஃபில்டர்,
ஒவ்வொன்றும் இருபதாயிரம் கிலோமீட்டருக்கு,
அப்புறம் குப்பைக்கு.

அவன் அவரை வடிகட்டின முட்டாள் என்றான்.
அவர் அவனை வடிகட்டின கஞ்சன் என்றார்.
இருவருக்கும் நான் காபி ஊற்றினேன்,
காகித வடிகட்டியில் இறங்கிய காபி.
அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வீப் கழற்றிப் போடும் டப்பாக்களை
இரவெல்லாம் கவிழ்த்து வடியவிடுவேன்.
காலையில் வட்டக் கத்தியால் வயிற்றைக் கிழித்து
மடிப்புகளை விசிறிபோல் விரித்து
விளக்கடியில் வைப்பேன்.
யாரும் கேட்டதில்லை, கூலியும் இல்லை.
கரி, கரி, கரி,
கேஸ்கெட்டின் ஒரு நூல், மறுபடி கரி.
நவம்பரில் ஒரு நாள்
செம்பு.
மீன்செதிளில் பாதிகூட இல்லை.
காந்தத்தை நீட்டினேன், அசையவில்லை.

ரெயின்போ லேக் பக்கம் மரம் ஏற்றிக்கொண்டிருந்தார் வீப்.
"எஞ்சினை அணையுங்கள்."
"எதற்கு டெல்ஃபின், நன்றாகத்தானே ஓடுகிறது?"
"அணையுங்கள்."
தாய்மொழியில் ஏதோ வைதார்,
நீளமாக.
அதற்குப் பிறகு போனில் சத்தமே இல்லை.
பேரிங் மாற்ற மூன்று நாள் ஆனது.

லூபோமிர் கழுவியவன்.
அதை நான் மறுக்க மாட்டேன்.
சாலையோரம், கையுறை கழற்றி,
டீசல் தட்டில் முக்கி, அலசி, உதறி,
குழந்தைக்குக் காது கழுவுவதுபோல்
திருகித் திருகிக் கழுவினான்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரத்தில்
கண்ணில் தூக்கம், பதினான்கு மணிநேரத் தூக்கம்.
கறுத்த டீசலைப் பனியில் கொட்டியதே இல்லை, நல்லவன்.
கேனில் ஊற்றி, மூடி,
என் பீப்பாய்க்குத்தான் கொண்டுவந்தான்.
குளிர்காலம் முழுக்க அவன் எஞ்சின்
சிட்டிகை சிட்டிகையாக
என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தது.
நான் ஊற்றச் சொல்லி இடத்தைக் காட்டினேன்.

மார்ச்சில் கிராங்க் இறுகியது.
ஏற்றத்தில்கூட இல்லை, டீசல் பங்க் வாசலில்,
ஒரே இருமல்.
பிரித்துப் பார்த்தோம். எல்லாம் தேய்ந்திருந்தது
ஃபில்டரைத் தவிர.
அது கல்யாணத்துக்கு வந்ததுபோல் பளபளத்தது.

தவணையில் வேறு லாரி எடுத்தான்.
மரை வேறு.
ஒன்றரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை.
துடைத்துவிட்டு முயன்றான், ஊதிவிட்டு முயன்றான்,
இடக்கையால் முயன்றான்.
பிறகு என் மேசைமேல் வைத்துவிட்டு
வீப் வாங்குகிறாரே, அதில் ஒன்று கொடு என்றான்,
விலை கேட்காமல்.

வியாழன்தோறும் தெற்கிலிருந்து கழிவு வண்டி வரும்.
நசுக்கிய டப்பாக்கள் ஒரு பீப்பாய்,
கழுவிய டீசல் ஒரு பீப்பாய்,
இரண்டுக்கும் ஒரே கட்டணம், ஒரே தாள்.
இந்த வாரம் இரண்டாவதன் மூடியைத் திறந்து
நீளக் குச்சியால் அடிவரை துழாவினேன்.
குச்சியின் நுனியில்
விளக்கு இல்லாமலே தெரிந்தது.
"எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்றான் வண்டிக்காரன்.
மூடினேன்.
கையெழுத்துப் போடப் பேனா தேடினேன்.
மேசையில், அந்த எஃகு வலைக்குள்தான்
செருகி வைத்திருக்கிறேன்.