எஸ்டரேஸ், பதினேழாம் குழி

இலை பறித்த நேரத்தைப் பையின் மேல் எழுத வேண்டும்:
காலை ஐந்து நாற்பது, திக்தாகா,
மணல்மேட்டின் கிழக்குச் சரிவு, மரம் பதினேழு.
ஜர்குல் வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறான்.
பின்னிருக்கையில் ஐஸ்பெட்டி,
மீன் வாங்கப் புறப்பட்டவர்கள் போல இருக்கிறோம்.

காஃப் என்கிறார்கள் இங்கே.
எனக்கு வன்னி.
அதன் காலடியிலேயே அழைக்காமல் வந்து
ஆழக் குடித்து உட்கார்ந்திருப்பது குவைஃப்,
சின்ன காஃப் என்று பொருளாம்.
இராமநாதபுரத்துக்காரனுக்கு அறிமுகம் தேவையில்லை.
சீமைக்கருவேல முள் ஒன்று
என் இடது குதிகாலில் இன்னும் கறுத்த புள்ளியாக இருக்கிறது.

இரண்டையும் பறித்தோம். முப்பது வன்னி, முப்பது கருவேலம்.

நொதிக்குப் பொறுமை கிடையாது.
வெயில் பட்டால் செத்துவிடும்,
அரைக்கத் தாமதித்தால் செத்துவிடும்,
சொந்த இலையின் துவர்ப்பே அதைக் கொன்றுவிடும்.
உரலை ஐஸுக்குள் புதைத்து
அழுகிய முட்டை நாறும் அந்தத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு
விரல் மரத்துப்போகும்வரை அரைக்கிறேன்.
வெளியே நாற்பத்தாறு டிகிரி.
உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

"மிஸ்டர் காளிமுத்து, வோல்டேஜைக் குறையுங்கள்"
என்கிறார் டாக்டர் பாபிகர்.
காளிமுத்து என் அப்பா.
விசா அச்சடித்த அன்று பெயர்கள் இடம் மாறிக்கொண்டன.
பதினொரு வருடமாக அவரைக் கூப்பிட்டால் நான் திரும்புகிறேன்.
அவர் ஒரு முறைகூட விமானம் ஏறியதில்லை.

நீலச் சாயம் முன்னே ஓட
கண்ணுக்குத் தெரியாத புரதங்கள் ஜெல்லுக்குள் பின்தொடர்கின்றன.
மின்னேற்றம் மிகுந்தது முந்தும், பருத்தது பிந்தும்.
நான்கு மணி நேரம். பார்க்க ஒன்றுமில்லை.
ஜர்குல் எட்டிப் பார்த்தான்.
"காலியாத்தானே இருக்கு?"
ஒப்புக்கொண்டேன்.

பிறகு ஊற்றுகிறோம்.
சாயம் நொதியில் போய் ஒட்டிக்கொள்வதாகப் பலரும் நினைக்கிறார்கள்.
இல்லை. நாம் ஊற்றுவது ஒரு வேலை.
இன்னும் சாகாத எஸ்டரேஸ் அதை எடுத்துச் செய்கிறது.
செய்த இடத்தில் பழுப்பாய் ஒரு கோடு விழுகிறது.
வேலை செய்தால் தெரியும்.
செய்யாதது இருந்தும் இல்லை.
(இந்த இரண்டு வரிகளையும் அறிக்கையில் எழுதி, அடித்துவிட்டேன்.)

கருவேலத்தின் ஜெல் சந்தை நாள் மாதிரி இருந்தது.
ஒரு குழியில் இருந்த கோடு அடுத்ததில் இல்லை,
முந்தியவை, பிந்தியவை, இரட்டையாய் நின்றவை.
எனக்கு எரிச்சல். வெறுக்கிற ஒன்று
இத்தனை வகையாக இருக்க வேண்டுமா?

நெடுஞ்சாலை ஓரத்து வன்னிகள் பன்னிரண்டு,
சொட்டுக் குழாயும் பெயர்ப்பலகையும் உள்ளவை.
பன்னிரண்டும் ஒரே இடத்தில் ஒரே கோடு,
அளவுகோல் வைத்து இழுத்தது போல.
ஒரே நாற்றங்கால், அநேகமாக ஒரே தாய்.
"ஒரு நோய் போதும்" என்று
கண்ணாடியைத் துடைத்தார் பாபிகர்.

பதினேழில் மட்டும் மூன்றாவதாக ஒரு கோடு.
மெல்லியது, எல்லாவற்றுக்கும் பின்னால்,
வேறெந்த மரத்திலும் இல்லாதது.
கை நடுங்கி இரண்டு சாறு கலந்திருக்கும் என்றார்.
மறுபடி ஓட்டினோம். வரவில்லை; இலை பழசு.
நடு மதியத்தில் ஜர்குலைக் கிளப்பிப் போனேன்.
பட்டிக்குப் பின்னால் நின்றது,
ஆடுகளுக்கு எட்டிய உயரம்வரை மொட்டையாய்,
அதற்கு மேல் தன் இஷ்டத்துக்கு.
புது இலை. புது ஐஸ்.
இரவு ஒன்பதேகாலுக்கு அந்தக் கோடு வந்தது,
அதே தாமதத்தோடு.

பாபிகர் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார்.
'வகை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.
'சேகரித்தவர்' என்ற கட்டம் எனக்கு.

தவசிக்கனி என்று எழுத
பேனாவை வைத்துவிட்டேன், ஒரு புள்ளிகூட விழுந்தது.
அந்தப் புள்ளியிலிருந்தே காளிமுத்து என்று எழுதினேன்.
ஒரே நோட்டில் இரண்டு பெயர் இருந்தால்
மரத்தைச் சந்தேகப்படுவார்கள்.