இடம்

வாடகை வளவில் நடக்கிறது எங்கள் ஆய்வு.
சுவரில் ஓர் ஆணி அடிக்கப்
பதினான்கு பங்காளிகள் சம்மதிக்க வேண்டும்,
அதில் மூன்று பேர் பினாங்கில்.
சேவுகனின் மூளையைப் படிக்க
ஒரே ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது.
அதுவும் அவருடையதல்ல,
மனைவி பஞ்சவர்ணம் அக்காவுடையது.

முப்பத்தெட்டு வயது, லாரி ஓட்டுநர்.
திருமயம் தாண்டி ஒரு வளைவு, ஒரு விடியற்காலை.
ஃபைலில் அவர் பெயர் தே-17.
அடி பட்டது மண்டையின் வலப்பக்கம்,
தொலைந்தது உலகத்தின் இடப்பக்கம்.
கண்ணில் கோளாறு இல்லை.
அப்படி ஒரு பக்கம் இருப்பதே
அவருக்குத் தோன்றுவதில்லை.

"இது என்ன இடம்?"
"காரைக்குடி."
முழு மதிப்பெண்.

கடிகாரம் வரையச் சொன்னேன்.
பன்னிரண்டு எண்களும் வலது அரைவட்டத்தில்
டவுன் பஸ் படிக்கட்டில் போலத் தொற்றிக்கொண்டு நின்றன.
தரையைக் காட்டி, இந்த வரிசையில் எத்தனை பூக்கல் என்றேன்.
ஆத்தங்குடிக் கல், வரிசைக்கு இருபத்திரண்டு.
பதினொன்று என்றார்,
டோல்கேட்டில் சில்லறை எண்ணிக் கொடுத்த
பதினைந்து வருட நிச்சயத்தோடு.

வீட்டில் தட்டில் பாதி இட்லி மிஞ்சியிருக்கும்,
இன்னும் பசிக்குது என்பாராம்.
அக்கா தட்டை அரைச்சுற்று திருப்பி வைப்பார்.
"இப்பத்தான் வச்சியா?"
"ஆமா."

அடுத்த அறையில் மறதி நோய்க் குழு.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றால்
"மாசத்துக்கா, வருசத்துக்கா?" என்கிறார் வயிரவன் செட்டியார்.
இது எந்த ஆண்டு என்று தெரியாது, வட்டி தெரியும்.
ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சம்மதம் கேட்கிறேன்.
ஒவ்வொரு வாரமும் புதிதாக என் ஊர் விசாரித்து,
காப்பி ஆச்சா என்று கேட்டு,
சம்மதிக்கிறார்.
நாங்கள் அவருக்குப் போட்ட மதிப்பெண் ஒன்பது.
அவர் எங்களுக்குப் போட்டதை எழுதக் கட்டம் இல்லை.

சேவுகனுக்கு வருகிறேன்.
இரண்டு வகைக் கண்ணாடிகள்.
ஒன்று, காண்பதையெல்லாம் கொஞ்சம் வலப்புறம் நகர்த்தும் பட்டகம்.
மற்றது வெறும் கண்ணாடி.
யாருக்கு எது என்று அவருக்கும் தெரியக்கூடாது,
எனக்கும் தெரியக்கூடாது.
ஒட்டிய உறைக்குத் தெரியும். உறை மதுரையில்.
தினம் இருபது நிமிடம் புள்ளிகளைத் தொடுவார்.
எட்டு வாரம்.

ஒரே இடைஞ்சல் அக்காவின் நாற்காலி.
நான் போட்ட இடத்தில் அது இருந்ததே இல்லை.
ஓரமாகப் போங்க அக்கா என்று
இரண்டு தடவை கடிந்தேன்,
இப்போது நினைக்கக் கூச்சமாக இருக்கிறது.

ஏழாம் வாரம், வியாழன்.
புள்ளியை நோக்கிப் போன விரல் பாதியில் நின்றது.
பின்னால் ஹாரன் கேட்டவர் மாதிரி
மெல்லக் கழுத்தைத் திருப்பினார், இடப்பக்கம்.
"நீ எப்ப வந்த?"
"விடியவே வந்துட்டேன்."
"சொல்ல வேண்டியதுதானே."
வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
நான் நேரம் குறிக்க மறந்துபோனேன்.

மார்கழியில் உறை திறந்தார்கள்.
தே-17: வெறும் கண்ணாடி.
தானாகத் தேறுவதும் உண்டு என்றார் டாக்டர்.
உண்டுதான், நானும் படித்திருக்கிறேன்.

அக்காவிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தது.
அவர் பையில் டிபன் பாக்ஸைத் திணித்தபடி சொன்னார்:
"தெரியும்மா. மொத நாளே போட்டுப் பாத்தேன்.
பவரும் இல்ல, ஒண்ணும் இல்ல.
அதான் நாற்காலிய நகத்தினேன்.
மொத வாரம் அவருக்கு நேரா.
அப்புறம் வாரம் ஒரு கல்லு."

அவர்கள் போன பிறகு எண்ணினேன்.
நாற்காலிக் கால் தேய்த்த கோடுகள்
ஏழு பூக்கள் தாண்டி
எட்டில் நின்றிருந்தன.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு,
வழக்கமாகக் காலியாக விடுவோம்.
அதில் எழுதினேன்:
விதிமுறையிலிருந்து விலகல், ஒன்று.
துணைவரின் நாற்காலி.
இடப்பக்கமாக.