மண்ணுக்குள் ஒரு பேரிக்காய்

வில்ட்ஸ் சந்தை கலைந்த நவம்பர் இரவு.
அடை சுட்ட எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டு
நாளைக்கான மூட்டையைக் கவிழ்க்கிறாள் ஒடில்.
குரொம்பர், என்கிறாள்.

பேருந்து ஓட்டும் அதெலினோவுக்கு
வெள்ளிக்கிழமை மொழித் தேர்வு.
தோல் சீவ உட்கார்ந்தவன் கேட்கிறான்:
என்ன சொல் இது,
வாய்க்குள் ஒரு பிடி மண் விழுந்த மாதிரி?

மண்தான். முன்பாதி குரொண்ட், தரை.
பின்பாதி பிர், தேய்ந்து தேய்ந்து இப்படி.
குடிக்கிற பீரா?
அவள் சிரித்ததில் மாவுக் கிண்ணம் ஆடுகிறது.
பேரிக்காய், ஐயா.
தரைக்குள் காய்த்த பேரிக்காய் என்று
முதலில் தோண்டிய எவனோ நினைத்திருக்கிறான்,
கடித்துப் பார்க்காமலே.

அதற்கும் கீழே?
பழைய ஜெர்மன்காரன் பிரா என்றான்.
அதற்கும் கீழே ரோமானியச் சிப்பாயின் பையில் பிரும்.
எங்கள் வீட்டில் பேரா,
என்கிறான் அதெலினோ. கத்தியிலிருந்து
ஒரே தோல் நீளமாய்த் தொங்குகிறது.

ரோமானியனுக்கு யார் கொடுத்தது?
ஒடில் கையைத் துடைத்துக்கொள்கிறாள்.
அங்கே புத்தகம் கேள்விக்குறி போட்டுவிட்டது.
கடலோரமாய் யாரோ இருந்தார்கள்.
மரம் வைத்தார்கள், தின்றார்கள், பேர் வைத்தார்கள்.
அவர்களுக்கு என்ன பேர் என்று
சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

கிழங்கும் பாவம், என்கிறாள் பிறகு.
மலைநாட்டில் அதற்கு வேறு பேர்.
கப்பல் இறங்கியதும்
பழைய பழம் ஒன்றின் சட்டையை மாட்டிவிட்டார்கள்,
அளவு பார்க்காமல்.

பணிமனையில் என்னை லின் என்கிறார்கள்,
அதெலினோ சொல்கிறான்.
இரண்டு எழுத்து மிச்சம் அவர்களுக்கு.

வாளித் தண்ணீரில் மண் மெல்ல அடியில் படிகிறது.
குரொம்பர்,
சொல்லிப் பார்க்கிறான்,
ரகரத்தை இன்னும்
தன் ஊர் மாதிரியே உருட்டி.