இரண்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர்

நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி மேலே இந்த ஊர்.
வடவானும் தென்வானும் ஒருங்கே தெரிய வேண்டிய இடம்.
தெரிவது மேகம்.
மேகத்தின் அடிவயிற்றில்
ஜூரோங் தீவின் ஆரஞ்சுத் தழல்.

நான் வானத்தைப் பார்ப்பதில்லை.
சிலி பாலைவனத்துத் தட்டுகள் பார்த்து அனுப்பியதை
பூன் லே பதினோராம் மாடியில்
விசிறியை மூன்றில் வைத்துக்கொண்டு
இரைச்சலிலிருந்து பொறுக்குகிறேன்,
கல் அரிசியில் கல் பொறுக்குவதற்கு நேர்மாறாக:
முறம் முழுக்கக் கல்,
நடுவே நாலைந்து அரிசி.

வரிசை எண்ணைத் தவிர
பெயரில்லாத ஒரு மண்டலம்.
அதன் நடுவில் கருந்துளை
தின்கிறது, தின்னும்போதே ஊதித் தள்ளுகிறது,
சோறள்ளிய கையாலேயே
தட்டைத் தட்டிவிடும் பிள்ளை மாதிரி.
சிதறுவது
இன்னும் பிறக்காத விண்மீன்களின் வாயு.

ஹைட்ரஜன் இரண்டிரண்டாய்க் கைகோத்திருக்கும்.
அத்தனை குளிரில் வாய் திறக்காது.
பத்தாயிரத்துக்கு ஒன்றாய்க் கூடத் திரியும்
கார்பன் மோனாக்சைடுதான் பேசும்.
அது சொல்லும் ஒரே சொல்லின் நீளம்
இரண்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
பொன்னி அரிசியின் அகலத்துக்குச் சற்று மேல்.

எதிர்வீட்டு அமிர்தகடேசனிடம்
லிஃப்டில் இதைச் சொன்னேன்.
துவாஸ் கப்பல் பட்டறையில்
எண்ணெய்த் தொட்டிக்குள் எல்லாருக்கும் முன்னால் இறங்குபவர்.
'மோனாக்சைடா?'
சட்டைப்பை மீட்டரைத் தொட்டுக்கொண்டார்.
'முப்பத்தஞ்சைத் தாண்டினா கத்தும்.
கத்தினா அத்தனை பேரும் வெளியே.
அதைப் போயா தேடுறீங்க?'
ஏழில் நின்றது லிஃப்ட்.
ஒரு சைக்கிளும் திருமதி கோவும் ஏறினார்கள்.
'மொத்த வாயு எவ்வளவு?'
'நூறு கோடிச் சூரியன் எடை.
மூன்று மடங்கு பிழை இருக்கலாம்.'
'மூணு மடங்கா?
எங்க மேனேஜர் கையெழுத்தே போட மாட்டார்.'

என் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு சிறகு:
நொடிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்தில்
வெளியே பாயும் குளிர்வாயு.
கொதிக்கும் காற்றில் அடிபட்டும்
அது ஏன் உடையவில்லை என்று
எனக்குத் தெரியாது. யாருக்கும்
சரியாகத் தெரியாது.
'வெளியேறுகிறது' என்று எழுதியிருந்தேன்.
சுவீ லிங் சிவப்பில் சுழித்திருந்தாள்:
'தப்ப அறுநூறு வேண்டும்.
உன்னிடம் இருப்பது நானூறு.'

விடிகாலை நாலே முக்காலுக்குச் சுமத்ரா காற்று.
பன்னிரண்டு மாடிக் கழிகளும் ஒன்றாய்க் கடகடத்தன.
ஓடி வந்து கழியை இழுப்பதற்குள்
என் நீலத் துண்டு பறந்தது.
கீழே அல்ல, மேலே;
மழைக்கு முன்வரும் காற்று சுவரில் மோதி
தூக்கிக்கொண்டு போனது.
பக்கத்துச் சன்னலில் அமிர்தகடேசன்,
முதல் ஷிஃப்டுக்குப் பாதி மாட்டிய சீருடையில்.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.
கூரை விளிம்பில் ஒரு கணம்
துண்டு எங்கும் போகாமல் நின்றது.
பிறகு
எங்கள் மாடியைக் கடந்து இறங்கி
ஒன்பதாம் மாடி யாரோ ஒருவரின்
பள்ளிச் சீருடைமேல் விழுந்து ஒட்டியது.

அவர் மீட்டர் ஒருமுறை கீச்சிட்டது.
திடுக்கிட்டேன்.
'ஒண்ணுமில்ல. காலையில ஒருதடவை
தானே சோதிச்சுக்கும்.'

சன்னலை மூடினேன்.
கோப்பி ஆறியிருந்தது.
'வெளியேறுகிறது' என்பதை அழித்து
'வெளியே போகிறது' என்று அடித்தேன்.
திரும்பி விழப் பத்துக் கோடி ஆண்டாகலாம்.
அந்த வரியை
இன்னும் எழுதவில்லை.